மின்னஞ்சல் இல்லாதவர்களையும் நாள்காட்டி அழைப்புக்குள் கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கூகுள் காலண்டரில் ஒரு கூட்டத்தை உருவாக்கி, பங்கேற்பாளரைச் சேர்க்கும் கட்டத்தில் கைபேசி எண்ணைத் தட்டினால் அது ஏற்பதில்லை. அவுட்லுக்கும் அப்படித்தான். மின்னஞ்சல் முகவரி இருந்தால்தான் ஒருவருக்கு அந்தப் பட்டியலில் இடம். இதனால் பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் சுய உதவிக் குழு, குடியிருப்போர் சங்கம், திருப்பணிக் குழு என எங்கு பார்த்தாலும் ஒரே நிலைமை: மின்னஞ்சல் வைத்திருக்கும் நாலைந்து பேருக்கு முறையான அழைப்பு போகிறது, மற்றவர்களுக்கு அரைகுறையாகக் காதில் விழுந்த செய்திதான் மிஞ்சுகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தப் பெற்றோருக்குத் தேதி போய்ச் சேராமல் கூடி முடிவெடுத்தால், சட்டம் சொன்ன குழு அன்று கூடவில்லை என்றுதான் நான் சொல்வேன். இந்த வழிகாட்டியில் அப்படிப்பட்ட ஒரு குழுவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கூட்டம் 2026 மார்ச் 14, சனிக்கிழமை, மாலை 4 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், காலண்டர் ஏன் மின்னஞ்சலைக் கேட்கிறது?

ஒரு நிறுவனத்தின் காலண்டர் இன்னொரு நிறுவனத்தின் காலண்டரோடு பேசுவதற்கு 'ஐ-காலண்டர்' என்ற பொதுத் தரவிதி இருக்கிறது. 1998இல் வெளியாகி 2009இல் திருத்தப்பட்டது. பங்கேற்பாளருக்கு ஏதோ ஒரு முகவரி வேண்டும் என்றுதான் அது கேட்கிறது. ஆனால் அழைப்பை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நடைமுறையில் எல்லோரும் கைக்கொண்ட வழி மின்னஞ்சல் மட்டுமே. தொலைபேசி எண்ணுக்கு அழைப்பு அனுப்பிப் பதில் வாங்கும் பொது ஏற்பாடு எதுவும் வேரூன்றவில்லை. ஒரு காலத்தில் கூகுள் காலண்டர் தன் பயனருக்குக் குறுஞ்செய்தியில் நினைவூட்டல் அனுப்பியது. தனிநபர் கணக்குகளுக்கு 2015இலும் நிறுவனக் கணக்குகளுக்கு 2019இலும் அதுவும் நின்றுபோனது.

ஒரு நாள்காட்டி அழைப்பு ஐந்து வேலைகளைச் செய்கிறது. செய்தியைச் சொல்கிறது. அந்த நாளில் இடம் பிடித்து வைக்கிறது. நேரம் நெருங்கும்போது நினைவூட்டுகிறது. வருவாரா மாட்டாரா என்ற பதிலை வாங்கித் தருகிறது. தேதி மாறினால் அதையும் தெரிவிக்கிறது. மின்னஞ்சல் இருந்தால் ஐந்தும் ஒரே அழுத்தில் நடந்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் நாம்தான் வழி தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு 'அழைத்துவிட்டேன்' என்று நினைப்பவர் முதல் வேலையை மட்டும் முடித்திருக்கிறார். மீதி நான்கும் அப்படியே கிடக்கின்றன.

படி 1: உண்மையிலேயே முகவரி இல்லையா என்று பாருங்கள்

"எனக்கு மெயில் எல்லாம் கிடையாது" என்று சொல்பவர் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அவருக்குத் தெரியாமலே ஒரு ஜிமெயில் முகவரி இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. பிளே ஸ்டோரிலிருந்து செயலி இறக்க கூகுள் கணக்கு தேவை. அதைப் போன் வாங்கிய அன்று கடைக்காரரோ மகனோ மகளோ உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள். அவர் சம்மதத்தோடு போனை வாங்கி, பிளே ஸ்டோரைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொடுங்கள். பெயருக்குக் கீழே முகவரி தெரியும்.

அந்த முகவரியைக் கூட்டத்தில் சேர்த்தால், அவர் ஜிமெயிலைத் திறக்காதவராக இருந்தாலும் போனில் உள்ள கூகுள் காலண்டர் செயலி அழைப்பைக் காட்டி நினைவூட்டவும் செய்யும். ஆனால் ஒரு தடை வரலாம். அழைப்புகளை எப்போது காலண்டரில் சேர்ப்பது என்பதற்கு கூகுள் காலண்டர் அமைப்புகளில் மூன்று தெரிவுகள் இருக்கின்றன: எல்லோரிடமிருந்தும், தெரிந்தவர் அனுப்பினால் மட்டும், மின்னஞ்சலில் பதில் சொன்ன பிறகு மட்டும். மூன்றாவது தெரிவில் இருந்தால் மெயிலையே பார்க்காதவருக்கு அழைப்பு வந்தும் பயன் இல்லை. இரண்டாவது தெரிவில் இருந்தால் உங்கள் மின்னஞ்சல் முகவரியை அவருடைய தொடர்புகளில் சேர்த்துவிடுங்கள். போன் கையில் இருக்கும்போதே காலண்டர் செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒருவருக்கு இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். இதற்குப் பிறகு அந்த ஒருவருக்கு வேறு எந்த வழியும் தேவைப்படாது.

முகவரி இல்லாதவருக்குக் கட்டாயமாகப் புதிதாக ஒன்று உருவாக்கிக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. கடவுச்சொல் அவருக்குத் தெரியாது, நீங்களும் மறந்துவிடுவீர்கள். அவரே விரும்பிக் கேட்டால் அது வேறு.

படி 2: யாரிடம் எந்தப் போன் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் உறுப்பினர் பெயர்களை எழுதி, எதிரே நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: மின்னஞ்சல் உண்டு, வாட்ஸ்அப் உண்டு, பட்டன் போன், சொந்தப் போன் இல்லை.

நான்காவது வகையைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதே இல்லை. உறுப்பினர் அம்மாவாக இருப்பார், கொடுத்திருக்கும் எண் கணவருடையதாக இருக்கும். கணவர் வேலைக்குப் போகும்போது போனும் அவரோடு போய்விடும். அந்த எண்ணுக்கு நீங்கள் அனுப்பும் செய்தி உறுப்பினரைச் சேர்கிறதா என்று நமக்குத் தெரியாது. இப்படிப்பட்டவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "எந்த நேரத்தில் கூப்பிட்டால் நீங்களே எடுப்பீர்கள்?" இரவு எட்டு மணி என்று சொன்னால் அதையும் பெயருக்கு எதிரே எழுதிவையுங்கள். அல்லது பக்கத்து வீட்டில் இருக்கும் இன்னொரு உறுப்பினரை, இருவர் சம்மதத்தோடும், செய்தி சொல்பவராக நியமியுங்கள்.

படி 3: உங்கள் காலண்டரில் நிகழ்வை முதலில் போடுங்கள்

வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, போன் என்று செய்தி பல வழியில் போகும்போது, மூலப்பதிவு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அது உங்கள் காலண்டர் நிகழ்வாக இருக்கட்டும். மின்னஞ்சல் உள்ளவர்களைப் பங்கேற்பாளராகச் சேருங்கள். மற்றவர்களின் பெயர்களை விவரக் கட்டத்தில் எழுதுங்கள். அழைப்பைத் திறக்கும் தலைமையாசிரியருக்கோ வார்டு உறுப்பினருக்கோ குழுவில் உண்மையில் எத்தனை பேர் என்பது அப்போதுதான் கண்ணில் படும். தொலைபேசி எண்களை மட்டும் அங்கே எழுத வேண்டாம். அந்தக் கட்டத்தை அழைக்கப்பட்ட அனைவரும் படிக்க முடியும். எண்கள் உங்கள் தாளிலேயே இருக்கட்டும்.

தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். முகூர்த்த நாளில் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள், எந்தச் செயலியாலும் அவர்களை அழைத்து வர முடியாது.

படி 4: வாட்ஸ்அப் குழுவில் செய்தி வேண்டாம், 'நிகழ்வு' போடுங்கள்

வாட்ஸ்அப் 2024இல் நிகழ்வு உருவாக்கும் வசதியைக் கொண்டுவந்தது. முதலில் சமூகங்களுக்கும் பிறகு சாதாரணக் குழுக்களுக்கும் வந்தது. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு நாள்காட்டி அழைப்புக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனாலும் குழுக்களில் இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

குழுவைத் திறந்து, கோப்பு இணைக்கும் குறியைத் தொட்டால் படம், ஆவணம், இருப்பிடம் ஆகியவற்றோடு நிகழ்வுக்கான தெரிவும் இருக்கும். பெயர், நாள், நேரம், இடம், சிறு விளக்கம் ஆகியவற்றை நிரப்பி அனுப்புங்கள். குழுவில் அது தனி அட்டையாகத் தெரியும். உறுப்பினர் வருகிறேன் அல்லது வரவில்லை என்பதைத் தொட்டால் போதும், யார் யார் பதில் சொன்னார்கள் என்ற பட்டியல் உங்களுக்குக் கிடைக்கும். நேரம் நெருங்கும்போது அறிவிப்பும் வரும். பிறகு நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால் அதே அட்டையைத் திருத்தலாம். ஆக, ஐந்து வேலைகளில் நான்கு இங்கேயே முடிந்துவிடுகின்றன. போனின் காலண்டரில் இடம் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி.

எழுத்து சரளமாக வராத பெற்றோருக்காக அட்டையைத் தொடர்ந்து இருபது விநாடிக்கு ஒரு குரல் பதிவும் போடுங்கள். நாள், கிழமை, நேரம், இடம், எதற்காக என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். எழுத்திலும் பேச்சிலும் 'நாளை', 'நாளைக்கு மறுநாள்' என்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய செய்தியைச் சனிக்கிழமை காலையில் கேட்பவருக்கு 'நாளை' என்றால் ஞாயிறு.

குழுவில் சேர விரும்பாதவரும் இருப்பார்கள். எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற அவர்களுடைய தயக்கம் நியாயமானது. அவர்களுக்கு ஒளிபரப்புப் பட்டியல் வழியாகத் தனித்தனியாகச் செய்தி போகும்படி செய்யலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே முதல் சந்திப்பிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

படி 5: அவர்களுடைய போனின் காலண்டரிலேயே சேர்க்க வேண்டுமானால்

வாட்ஸ்அப் நிகழ்வு போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். காலண்டரைப் பார்த்து நாளை ஒழுங்கு செய்துகொள்ளும் பழக்கம் உள்ள, ஆனால் மின்னஞ்சல் தர விரும்பாத உறுப்பினருக்கு இது பயன்படும்.

முதல் வழி, நிகழ்வுக் கோப்பு. மேலே சொன்ன ஐ-காலண்டர் தரவிதிப்படி எழுதப்பட்ட சிறு கோப்பு அது. அதன் பெயர் 'ஐசிஎஸ்' என்ற பின்னொட்டோடு முடியும். கணினியில் இயங்கும் அவுட்லுக்கில் நிகழ்வைத் திறந்து வேறு பெயரில் சேமிக்கும்போது இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மேக் கணினியில் காலண்டரிலிருந்து நிகழ்வை இழுத்து மேசைத் திரையில் விட்டால் கோப்பு உருவாகிவிடும். தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளிலும் இப்படி ஏற்றுமதி செய்யலாம். கூகுள் காலண்டரில் தனி நிகழ்வை ஏற்றுமதி செய்யும் வழி இல்லை, முழுக் காலண்டரும் ஒரே கோப்பாக வரும். ஆகவே இந்தக் கூட்டங்களுக்கென்று தனிக் காலண்டர் ஒன்று வைத்து அதை மட்டும் ஏற்றுமதி செய்வது நல்லது.

கோப்பை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். ஐபோனில் தொட்டதும் நிகழ்வைக் காட்டி, சேர்க்கலாமா என்று கேட்கும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் காலண்டர் செயலி திறந்துகொள்ளும், சில போன்களில் திறக்க மறுக்கும். மொத்தமாக அனுப்பும் முன் இரண்டு மூன்று வகைப் போன்களில் சோதித்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு மின்னஞ்சலில் வந்த அழைப்போடு இணைந்திருக்கும் கோப்பை எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கோப்பில் உங்கள் முகவரிதான் அழைக்கப்பட்டவராகப் பதிந்திருக்கும், அது பதிலையும் எதிர்பார்க்கும் வகை. அதைத் திறப்பவரின் காலண்டர் குழம்பலாம். ஏற்றுமதி செய்த கோப்பைத்தான் அனுப்ப வேண்டும். அதிலும் பங்கேற்பாளர் யாரையும் சேர்க்காத நிகழ்வாக இருப்பது உத்தமம். சேர்த்திருந்தால் அவர்களுடைய முகவரிகளும் கோப்போடு ஊர் சுற்றும்.

இரண்டாவது வழி, இணைப்பு. கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து, நிகழ்வின் பார்வையைப் 'பொது' என்று மாற்றினால், அதன் பட்டியலில் வெளியிடும் தெரிவு கிடைக்கும். அங்கே நகலெடுக்கும் இணைப்பைக் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால், கூகுள் கணக்கு உள்ளவர் தொட்டுத் தன் காலண்டரில் சேர்த்துக்கொள்ளலாம். இணைப்பு யார் கைக்குப் போனாலும் விவரம் தெரியும் என்பதால், உள்விவகாரக் கூட்டங்களுக்கு இது வேண்டாம்.

மாதந்தோறும் கூடும் குழுவுக்கு மூன்றாவது வழியும் உண்டு. கூட்டங்களுக்கென்று வைத்த தனிக் காலண்டருக்கு கூகுள் ஒரு 'ஐ-காலண்டர்' முகவரி தரும். ஐபோன் வைத்திருப்பவர் காலண்டர் அமைப்புகளில் சந்தாக் காலண்டராக அதைச் சேர்த்துவிட்டால், நீங்கள் செய்யும் மாற்றங்கள் தாமாகவே அவர் போனுக்கு வரும். உடனுக்குடன் வராது, நேரம் பிடிக்கும். கடைசி நேர மாற்றத்துக்கு இதை நம்பக்கூடாது.

இந்த மூன்றிலும் ஒரு பொதுக் குறை உண்டு. நிகழ்வு அவர் காலண்டரில் ஏறிவிடும், ஆனால் அவர் வருவாரா என்ற பதில் உங்களுக்கு வராது. அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

படி 6: பட்டன் போன் வைத்திருப்பவருக்கு

குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து என்றால் 160 இடம். தமிழ் என்றால் 70 இடம் மட்டுமே. அதிலும் புள்ளிக்கும் கால்வாங்கிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம் போகும். நம் கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் 'கூட்டம்' ஏழு இடங்களைப் பிடிக்கிறது. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும், சில பழைய போன்களில் வரிசை மாறியும் தெரியும். ஆகவே சுருக்கமாக எழுதுங்கள்:

"பள்ளிக் கூட்டம்: சனி, மார்ச் 14, மாலை 4 மணி. வருவதானால் மிஸ்டு கால்."

இது 68 இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. கிழமை, தேதி, நேரம், செய்ய வேண்டியது எல்லாம் இருக்கின்றன. சில பழைய பட்டன் போன்கள் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும். அப்படிப்பட்ட போன் என்று தெரிந்தால் குறுஞ்செய்தியை விட்டுவிட்டு நேரே கூப்பிட்டுப் பேசுங்கள்.

பதிலுக்கு மிஸ்டு கால் கேட்பது நம் நாட்டில் எல்லோருக்கும் கைவந்த வழி. அவருக்குச் செலவு இல்லை, தட்டெழுதவும் வேண்டாம். ஆனால் மிஸ்டு கால் 'வருகிறேன்' என்பதை மட்டும்தான் சொல்லும். வராத மிஸ்டு காலுக்குப் பொருள் வரவில்லை என்பதா, செய்தியையே பார்க்கவில்லை என்பதா? இரண்டும் ஒன்றல்ல. ஆகவே, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வரை அழைக்காதவரை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

குழு பெரிதாகி, மொத்தக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையை நாட நினைத்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இருபது முப்பது பேர் கொண்ட குழுவுக்கு உங்கள் சொந்தப் போனே போதுமானது.

போனில் பேசும்போது இன்னொன்றும் சொல்லுங்கள்: "சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் பதினான்காம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்." சிலிண்டர் வந்த நாளையும் சீட்டுப் பணம் கட்டும் நாளையும் குறித்து வைக்கும் அதே தாள்தான் அந்த வீட்டின் நாள்காட்டி. நாளில் இடம் பிடிக்கும் வேலையை அது செய்துவிடும்.

படி 7: நினைவூட்டல்

முந்தின நாள் மாலை ஒன்று, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்று. இதற்கு மேல் அனுப்பினால் தொல்லை. கூகுளின் மெசேஜஸ் செயலியில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பின்னொரு நேரத்துக்குச் செய்தியைக் குறித்து வைக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் போன் இயங்கிக்கொண்டும் சிக்னலோடும் இருக்க வேண்டும். அழைத்த அன்றே இரண்டு நினைவூட்டல்களையும் குறித்துவிட்டால் பிறகு மறக்க வழியில்லை.

இணையவழிக் கூட்டமாக இருந்தால்

ஜூம் கூட்டத்தில் சேர மின்னஞ்சலோ கணக்கோ தேவை இல்லை. கூட்டத்தை நடத்துபவர் உள்நுழைவைக் கட்டாயமாக்காத வரை, இணைப்பைத் தொட்டுப் பெயரைத் தட்டினால் போதும். இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். வாட்ஸ்அப்பிலேயே 32 பேர் வரை குழு அழைப்பில் பேசலாம், அதற்கான இணைப்பையும் முன்பே உருவாக்கி அனுப்பலாம். வாட்ஸ்அப் மட்டுமே தெரிந்தவர்கள் நிறைந்த குழுவுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

பட்டன் போன்காரர்களை வாய்ஸ் காலில் கான்ஃபரன்ஸ் போட்டுச் சேர்க்கலாம். உங்களோடு சேர்த்து ஆறு பேர் வரை பேசலாம். அதற்கும் மேல் இருந்தால், பக்கத்து வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் உறுப்பினரோடு உட்கார வையுங்கள்.

செய்யவே கூடாதவை

மென்பொருள் முகவரி கேட்கிறது என்பதற்காக இஷ்டத்துக்கு ஒரு ஜிமெயில் முகவரியைத் தட்டிவிடாதீர்கள். அது உலகில் யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். உங்கள் கூட்டத்தின் இடமும் நேரமும் விவரமும் முன்பின் தெரியாதவருக்குப் போய்ச் சேரும். அதைவிட, உறுப்பினரின் மகளோ மகனோ சம்மதித்தால் அவர்களுடைய முகவரியைச் சேருங்கள். தலைப்பிலேயே "அம்மாவுக்கான அழைப்பு" என்று தெளிவாக எழுதுங்கள். அவர்கள் பதில் சொல்லும்போது, அம்மாவிடம் சொல்லியாயிற்று என்று ஒரு குறிப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். குறிப்பு இல்லாமல் வெறும் 'ஆம்' வந்தால் யார் வருகிறார் என்பது புரியாது.

முன்பதிவுப் பக்கம் அமைத்து, எல்லோரையும் நேரம் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இங்கே உதவாது. பெரும்பாலான முன்பதிவுச் சேவைகள் கடைசியில் மின்னஞ்சலைத்தான் கேட்கும். எந்த நாள் வசதி என்று அறிய வாட்ஸ்அப் வாக்கெடுப்பு போதும்.

தேதி மாறினால், கூட்டம் ரத்தானால்

எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக கவனம் வேண்டும். மின்னஞ்சல் உள்ளவருக்கு மாற்றம் தானாகப் போய்விடும். மற்றவர்களுக்கு நீங்கள் எந்தெந்த வழியில் அழைத்தீர்களோ அந்த வழி ஒவ்வொன்றிலும் திரும்பப் போக வேண்டும். அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு வந்த தாய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த கூட்டத்துக்கு அவரை எந்த அழைப்பும் அழைத்து வராது.

முதலில் மூலப்பதிவான காலண்டர் நிகழ்வைத் திருத்துங்கள். பிறகு வாட்ஸ்அப் அட்டையைத் திருத்துங்கள். புதிய அட்டை போட்டால் பழையதும் தெரிந்துகொண்டே இருக்கும், எது சரி என்று குழப்பம் வரும். கோப்பு அனுப்பியிருந்தால், திருத்திய கோப்பை அனுப்புவதோடு பழைய நிகழ்வை அழிக்கவும் சொல்லுங்கள். சில செயலிகள் பழையதையே புதுப்பிக்கும், சில இரண்டையும் வைத்துக்கொள்ளும். பட்டன் போன்காரர்களையும் சொந்தப் போன் இல்லாதவர்களையும் குறுஞ்செய்தியோடு விடாமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். செய்தியில் பழைய தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்: "மார்ச் 14 சனிக்கிழமைக் கூட்டம் இல்லை. மார்ச் 21 சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நடக்கும்." பேசி முடித்ததும் தாளில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். குறி இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும், பழைய தேதியன்று யாராவது ஒருவர் நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று, வருபவரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.